ஹீட் பம்ப் வாங்கியும் இ.பி. பில் குறையலையா? முதல்ல செட்டிங்கைப் பாருங்க

வெந்நீருக்கு ஹீட் பம்ப் வாங்கினா கரண்ட் செலவு மூன்றில் ஒரு பங்காகும்னு சொல்லித்தான் விற்கிறாங்க. அது பொய் இல்லை. ஆனா அந்த மிச்சம் தானா வராது. மெஷின் எந்த மோடில் ஓடுது என்பதைப் பொறுத்துத்தான் வரும்.

எப்படி வேலை செய்யுது?

சாதாரண கீசர், 1 யூனிட் கரண்டை 1 யூனிட் வெப்பமா மாத்தும். அவ்வளவுதான். ஹீட் பம்ப், ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை கம்ப்ரஸர் மூலமா இழுத்து டேங்க் தண்ணிக்குக் கொடுக்கும். நம்ம ஊர் சூட்டில் 1 யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும்.

ஆனா பல மாடல்களில் அவசரத்துக்குன்னு உள்ளே ஒரு ஹீட்டர் காயிலும் இருக்கு. அது ஓடும்போது உங்க மெஷின் வெறும் கீசர்தான்.

கணக்குக்கு வருவோம்

ஒரு கூட்டுக்குடும்பம் தினமும் 150 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்குதுன்னு வைங்க.

- காயிலில்: சுமார் 5.25 யூனிட்
- கம்ப்ரஸரில்: சுமார் 1.75 யூனிட்
- மிச்சம்: நாளைக்கு 3.5 யூனிட், 60 நாளைக்கு 210 யூனிட்

தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினா, அதற்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். கீழ் ஸ்லாபில் கிடைக்கும் சலுகையும் குறையும். நீங்க மிச்சம் பிடிக்கிற யூனிட் எப்பவும் மேல் ஸ்லாபிலிருந்துதான் கழியும். 8 ரூபாய்னு வச்சாலே ஒரு பில்லுக்கு 1,680, வருஷத்துக்கு சுமார் 10,000 ரூபாய்.

கீசரை விட 50,000 ரூபாய் கூடுதலா கொடுத்திருந்தா, 5 வருஷத்தில் போட்ட காசு திரும்பும். பாதி வேலையைக் காயில் செய்தா 10 வருஷம் ஆகும். அதுக்குள்ள மெஷினையே மாத்த வேண்டி வரலாம்!

என்ன மாத்தணும்?

1. மோடு: "எகோ" அல்லது "ஹீட் பம்ப் மட்டும்" என்பதில் வைங்க. "பூஸ்ட்", "எலெக்ட்ரிக்" எல்லாம் விருந்தாளி வரும் நாளுக்கு மட்டும்.

2. நேரம்: கீசர் மாதிரி குளிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடாதீங்க. கம்ப்ரஸர் நிதானமாத்தான் சூடாக்கும், 2 முதல் 4 மணி நேரம் கூட ஆகலாம். தண்ணி சுடலைன்னு பூஸ்ட் அமுக்கிற பழக்கமே இங்கேதான் ஆரம்பிக்குது. டைமரில் பகல் 12 மணிக்குப் போடுங்க. வெளிக்காற்று சூடா இருக்கும்போது கம்ப்ரஸருக்கு வேலை குறைவு. இன்சுலேஷன் நல்லா இருந்தா மறுநாள் காலை வரை சூடு தாங்கும்.

3. வெப்பநிலை: 50 முதல் 55 டிகிரி போதும். 65 வச்சா கம்ப்ரஸரின் திறன் குறையும், டேங்கிலிருந்து வெப்பமும் அதிகம் கசியும். சில மாடல்களில் அந்தச் சூட்டுக்குக் காயில் தானாகவே ஆன் ஆகும். உங்க மாடலில் கம்ப்ரஸர் மட்டும் எத்தனை டிகிரி வரை போகும்னு மேனுவலில் பாருங்க.

அதுக்காக மிச்சம் பிடிக்கிறேன்னு 45-க்குக் குறைக்காதீங்க. வெதுவெதுப்பான தேங்கிய தண்ணியில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். அது நுரையீரலைத் தாக்கும். வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏத்துங்க. அன்னைக்குக் குழந்தைகள், பெரியவர்கள் குளிக்கும்போது மட்டும் கவனம், தோல் வெந்துடும்.

4. காற்று: மூடின லாஃப்டில் வைக்காதீங்க. காற்றோட்டம் இல்லைன்னா இழுக்க வெப்பம் ஏது? ஃபில்டரையும் சுத்தம் பண்ணுங்க.

எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இப்போ இருக்கிற செட்டிங்கில் ஒரு வாரம், மாத்தின பிறகு ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்தில் இ.பி. மீட்டர் ரீடிங்கை எழுதி வைங்க. ஏ.சி. உபயோகம் இரண்டு வாரமும் ஒரே மாதிரி இருக்கட்டும். நாளைக்கு 2, 3 யூனிட் இறங்கினா, இவ்வளவு நாளும் காயில்தான் ஓடியிருக்கு. இறங்கலைன்னா பிரச்சினை வேற இடத்தில், அடுத்து ஏ.சி.யைப் பாருங்க.