உஷார்! ஒரு ரூபாய்தானே என்று பின் போடாதீர்கள்

கொஞ்சம் நில்லுங்கள். ஏதாவது ஏஐ ஆப் "ஏழு நாள் இலவசம், இப்போதைக்கு ஒரு ரூபாய் மட்டும்" என்று சொல்லி யுபிஐ பின் கேட்கிறதா? விரலை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு ரூபாயோடு, "இனி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சம்மதமும் கொடுத்துவிடுகிறீர்கள்.

பாபநாசம் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறார் ஒரு பெண். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர் என்று வேலை குவியும். அதற்கு உதவுமே என்று, படம் வரையும் ஏஐ ஆப் ஒன்றில் ஒரு ரூபாய் கட்டிச் சேர்ந்தார். திரையில் பெரிதாக மாதத் தொகை. அடியில் பொடி எழுத்தில் 'ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்'. அதை யார் பார்த்தது? 'அன்புடன் அழைக்கிறோம்' என்று போடச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம், தமிழிலேயே இல்லாத எழுத்து நடுவில். வெறுத்துப்போய் ஆப்பை அழித்துவிட்டார். விட்டது தொல்லை என்றிருந்தார்.

எட்டாம் நாள் வருடச் சந்தா மொத்தமும் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் போட்ட வீட்டு நெல்லுக்கான பணம் அந்த வாரம்தான் ஏறியிருந்தது. அறுப்பு மிஷின் வாடகைக்கென்று வைத்திருந்த பணம் அது.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது! தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

2020-ல் வந்த யுபிஐ ஆட்டோபே வசதி இப்படித்தான் வேலை செய்கிறது. முதல் தடவை பின் போட்டதோடு சரி. பிறகு 15,000 ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே போகும். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வரும். கடன் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும்.

பெரிய கம்பெனி என்றாலும் தேதியைக் குறித்து வையுங்கள். 2025 நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ இந்தியாவில் ஓராண்டு இலவசம் என்று வந்தது. கார்டோ யுபிஐயோ கொடுத்துத்தான் சேர முடிந்தது. ரத்து செய்யாவிட்டால், ஆண்டு முடிந்ததும் மாதச் சந்தா ஓடத் தொடங்கும். அறிமுகமானபோது அது 399 ரூபாய்.

எதைக் கண்டால் பயப்பட வேண்டும்? விலை டாலரில் இருந்தால். ஜிஎஸ்டியும் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் மேலே ஏறும். 'பத்தே நிமிடம்தான்' என்று கடிகாரம் ஓடினால். சேரும் பொத்தான் பளிச்சென்றும், விலகும் வழி தேடினாலும் கிடைக்காமலும் இருந்தால். இந்தச் சந்தாப் பொறியை 2023 நவம்பர் 30-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆப் ஃபைலே வந்தால் தொடவே தொடாதீர்கள்.

பயிருக்கு யோசனை சொல்கிறேன் என்று சந்தா கேட்கும் ஆப்பா? பணம் கட்டுமுன், உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைத் தமிழில் கேளுங்கள். "குறுவைக்கு சி.ஆர். 1009 போடலாமா?" போடலாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற சம்பா ரகம் அது. அதையே அறியாத ஆப், புகையானுக்கு எந்த மருந்தைச் சொல்லும்? தப்பான மருந்தை அடித்தால் புகையான் இன்னும் பெருகும், வயல் வட்ட வட்டமாகக் கருகிப்போகும். காசே இல்லாமல் அரசின் உழவன் ஆப் இருக்கிறது. விவசாயிகளுக்கான உதவி எண் 1800-180-1551-க்கு அடித்தால் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சந்தாத் தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறும்.

இப்போதே போனை எடுங்கள். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே', பிளே ஸ்டோரில் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இரண்டையும் திறந்து பாருங்கள். தேவையில்லாத பெயர் ஒன்று இருந்தாலும் ரத்து செய்துவிட்டு மறுவேலை பாருங்கள்.