பனிச்சரிவும் பனிச்சறுக்கும்

'பனி' என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் காத்திவாக்கத்து மாணவனுக்கு நினைவில் எழுவது, மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. கடலையும் கழிமுகத்தையும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளையும் கண்டு வளர்ந்த அவனுக்கு, ஆளுயரம் வெண்பனி படிந்த மலைச்சரிவு படத்தில் மட்டுமே கண்ட காட்சி. ஆகவே, 'பனிச்சரிவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?' என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்கிறேன்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனியாற்றின் மீது ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் அமைந்த சோனம் என்னும் காவல் நிலையின்மேல் பெரும் பனிச்சுவர் ஒன்று பெயர்ந்து வீழ்ந்தது. அங்குக் காவல் புரிந்தது மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாளம். வீரர் பத்துப் பேர் புதையுண்டனர். அவருள் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரிப் பகுதிகளைச் சேர்ந்த நம் தமிழ்நாட்டு மக்கள். மோப்ப நாய்களின் துணையோடு மீட்புப் படையினர் பனியைப் பிளந்து தேடினர். ஆறு நாட்களுக்குப்பின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் ஒருவரே உயிருடன் எடுக்கப்பட்டார். நாடே அவர் பிழைக்க வேண்டுமென விழைந்தது. எனினும் பிப்ரவரி 11-ஆம் நாள் தில்லி இராணுவ மருத்துவமனையில் அவரும் உயிர் நீத்தார். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் உங்களைப் பற்றியது. விடுமுறை வந்தால் இமயத்திற்குப் பயணப்படும் கல்லூரி மாணவர்கள் இன்று பலர். குல்மார்க்கிலும் ஔலியிலும், 'ஸ்கீ' எனப்படும் நீண்ட பலகைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு பனிமீது சறுக்கிப் பழகுவோர் உளர். 2022 அக்டோபர் 4-ஆம் நாள், உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவொன்று திரௌபதி கா தண்டா என்னும் சிகரத்தில் பனிச்சரிவிற் சிக்கி 29 பேரை இழந்தது. குல்மார்க்கின் அபர்வத் மலையில் 2023 பிப்ரவரி 1-ஆம் நாள் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர் இருவர் மாண்டனர். ஆகவே பனியின் இயல்பை அறிவது நமக்கும் கடமையாகிறது.

பனிச்சரிவில் முதன்மையான வகைகள் இரண்டு. உப்பளத்து வரப்பில் உப்பைக் குவிப்பதைக் கண்டிருப்பீர்கள். குவியல் ஓரளவு செங்குத்தானதும், மேலே கொட்டும் உப்பு நில்லாது ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே விரிந்து சரியும். உதிர்ந்த புதுப்பனியும் அவ்வாறே சரிவதுண்டு. இது முதல் வகை, பெரும்பாலும் சிறியது.

உயிர்க்கொல்லியாவது இரண்டாம் வகை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பலகையின் மேல் கேழ்வரகைப் பரப்புங்கள். அதன்மேல் ஒரு சிலேட்டை வைத்துப் பலகையை மெல்லச் சாயுங்கள். ஓரளவு சாயும் வரை சிலேட்டு அசையாது. பிறகு ஒரே கணத்தில் முழுச் சிலேட்டும் வழுக்கி விழும். மலையிலும் இதுவே நிகழ்கிறது. மேலே காற்றால் இறுகிய பனித்தகடு. அடியில் ஒன்றோடொன்று ஒட்டாத பனிமணிகளின் மெல்லிய அடுக்கு. அந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், நொறுங்கல் நொடியில் நாற்புறமும் பரவி, பரந்த தகடு முழுவதும் பெயர்ந்து கீழே பாயும். சில நொடிகளிலேயே அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டக்கூடும்.

அந்தப் பலவீன அடுக்கு எங்ஙனம் உண்டாகிறது? காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த இலைமேல் படிந்து பனித்துளியாவதை அறிவீர்கள். கடுங்குளிர் நிலவும் மலைகளில், தெளிந்த இரவுகளில், அந்நீராவி நேரே உறைந்து பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்களாகிறது. பின்னர் பெய்யும் பனி அவற்றை மூடிவிடுகிறது. பனிப்படலத்தின் உள்ளேயும் இதையொத்த செயல் உண்டு. தரையை ஒட்டிய பனி உறைநிலைக்கு அருகிலும், மேற்பனி அதனினும் மிகக் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே கீழிருந்து நீராவி மேலெழுந்து, மணிகளைச் சர்க்கரை போல உருமாற்றிவிடுகிறது. சர்க்கரையைக் கையில் பிடித்து உருண்டையாக்க இயலுமோ? அத்தகைய அடுக்கின் மேல்தான் பெரும் பாரம் அமர்ந்திருக்கிறது.

அந்தப் பாரத்தைக் கூட்டுபவை எவை? ஒன்று, புதிதாகப் பெய்யும் பனி. இரண்டு, காற்று, அது ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்துச் சரிவில் குவிக்கிறது. மழையும் திடீர் வெப்பமும் பனியைத் தளர்த்துகின்றன. இறுதியாக, மனிதனின் எடை. சறுக்கு வீரர் மாளும் விபத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் பனியைக் கிளப்பிவிடுபவர் அவரோ அவர்தம் தோழரோதான். இச்செய்தி அச்சம் தருவது. ஆயினும் ஆறுதலும் தருவது. நம்மால் நேர்வதை நம்மால் தவிர்க்கவும் கூடுமன்றோ?

தவிர்க்கும் வழி சாய்வை அளப்பதில் தொடங்குகிறது. உங்கள் வடிவியற் பெட்டியிலுள்ள இரண்டு மூலைமட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 30 பாகைக் கோணமும் மற்றொன்றில் 45 பாகைக் கோணமும் உள்ளன. பனித்தகடு பெரும்பாலும் பெயர்வது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சாய்விலேயே. சறுக்குவோர் பெரிதும் விரும்புவதும் அதே சாய்வு என்பதுதான் வருந்தத்தக்கது. அடுத்து, மலை தரும் அடையாளங்களைக் காண்க: அண்மையில் சரிந்த தடங்கள், காலடியில் 'உம்' என எழும் அமுங்கிய ஓசை, பனியின்மேல் விரைந்தோடும் வெடிப்பு. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான சரிவை விட்டு விலகுதல் வேண்டும். சரிவுக்கு நேர் கீழே நிற்பதும் ஆபத்தே. கீழிருந்தும் மேலுள்ள தகட்டைப் பெயர்த்துவிடக் கூடும்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நாம் அறிவோம். அதற்கு 11 எண்கள் உள்ளன. பனிச்சரிவு எச்சரிக்கைக்கு ஐந்து படிகள். ஐந்தாம் படியில் எவரும் மலைக்குச் செல்வதில்லை. ஆல்ப்ஸ் மலைநாடுகளில் உயிரிழப்பு மிகுவது மூன்றாம் படியிலேதான். மூன்று என்றால் நடுத்தரம் என எண்ணி மக்கள் துணிந்து விடுகின்றனர்.

புதையுண்டவர் நிலை யாது? ஓட்டத்தில் நீர்போல் இருந்த பனி, நின்றவுடன் சுண்ணச்சாந்து போல் இறுகிவிடும். விரலையும் அசைக்க இயலாது. விடும் மூச்சின் ஈரம் முகத்தருகே உறைந்து காற்றைத் தடுக்கும். 15 நிமிடத்திற்குள் தோண்டி எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைப்பர் என்பது ஆய்வாளர் கண்ட கணக்கு. 35 நிமிடம் கடந்தால் முப்பது பேரே. ஊரிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உடன் சென்ற தோழரே மீட்பர். அதனால்தான் ஒவ்வொருவரும் மூன்று கருவிகளை உடன்கொள்ள வேண்டும்: இருக்குமிடம் காட்டும் வானொலிக் கருவி, பனியைக் குத்தித் தேடும் நீண்ட கோல், தோண்டும் மண்வாரி. ஐயத்திற்குரிய சரிவை ஒருவர்பின் ஒருவராகக் கடக்க வேண்டும்; மற்றவர் பாதுகாப்பான இடத்தினின்று அவரைக் கண்காணிக்க வேண்டும்.

1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளில் 250-க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவால் மாண்டனர். அதன்பின் அந்நாடுகள் தடுப்பு வேலிகளையும் எச்சரிக்கை முறைகளையும் பெருக்கின. நம் நாடும் 1969-இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வகத்தை நிறுவியது. 2020-இல் அது வேறோர் ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனமாகச் சண்டீகரிலிருந்து எச்சரிக்கை வழங்கி வருகிறது.

மாணவர்களே! எங்கள் ஊர்க் கடற்கரையில் மூத்த மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் உற்று நோக்கி, 'இன்று வேண்டாம்' எனப் படகைக் கரையிலேயே நிறுத்துவதுண்டு. அவரைக் கோழை என்று எவரும் கூறுவதில்லை. அவர் சொல்லை இளையோர் தட்டுவதுமில்லை. சியாச்சினில் நின்ற வீரர்க்குக் கடமை இருந்தது. அவர்கள் திரும்பி வர உரிமையற்றவர்கள். இன்பப் பயணம் செல்லும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. குழுவில் ஒருவர் 'திரும்புவோம்' என்றால், காரணம் கேட்டு நகையாடாது அனைவரும் திரும்புங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். அதைக் காண நீங்களும் இருக்க வேண்டும்.