பஞ்சருக்குள் இத்தனை அதிசயமா! தெரியுமா?

உலகின் முதல் காற்று டயருக்கு மேலுறை என்ன தெரியுமா? தோல்! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதப்படுத்துகிறார்களே, அதே தோல்தான்! ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பர் பூசிய கித்தானில் காற்றுக்குழாய், அதைச் சுற்றித் தடித்த தோல். லண்டன் ரீஜன்ட் பூங்காவில் 1847-ல் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டிவிட்டார்! டயர் என்றதும் நினைவுக்கு வரும் டன்லப்கூடத் தன் டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-ல்தான். கார் வந்த பிறகும் தோல் விடவில்லை: வழுக்காமல் இருக்க, எஃகு ஆணி அடித்த தோல்பட்டையோடு மிச்லின் 1905-ல் டயர் விற்றது.

இன்னொன்று கேளுங்கள். டேனரிக்கும் டயர் கம்பெனிக்கும் அடிப்படை வித்தை ஒன்றே! பச்சைத் தோல் அழுகும். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ஆவாரம்பட்டைச் சாறோ குரோம் உப்போ தோலின் இழைகளைக் குறுக்கே பிணைத்துக் காப்பாற்றுகிறது. ரப்பரில் அந்த வேலையைச் செய்வது கந்தகம். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தது இதைத்தான். பஞ்சர் கடைக்காரர் ஒட்டு போடும் முன் டியூபைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார் இல்லையா? ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுமுன் தோலையும் அப்படியே தேய்க்கிறார்கள். வழவழப்பில் பசை பிடிக்காது!

சரி, நாட்றம்பள்ளியைக் கடந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி. பதறிப்போய் உடனே பிடுங்காதீர்கள்! டயரின் உட்புறம் பூசிய பியூட்டைல் ரப்பர் ஆணியை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். காற்று மெல்லத்தான் கசியும். பிடுங்கினால் நிமிடத்தில் சக்கரம் தரை தட்டும். காற்று தாங்கினால், மெதுவாக ஓட்டிப் பக்கத்துக் கடைக்கோ வீட்டுக்கோ வந்துவிடலாம்.

வீட்டு வாசலிலேயே அடைக்க முடியும் என்பது தெரியுமா? பஞ்சர் கிட் ஒன்று போதும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கொப்புளிக்கும் இடம்தான் ஓட்டை. குறடால் ஆணியை இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று பாருங்கள்; கிட்டில் இருக்கும் சொரசொரப்பான கம்பியான ரீமரை அதே சாய்வில்தான் செலுத்த வேண்டும். நன்றாக அழுத்தி ஏற்றி இறக்குங்கள். ஓட்டையைப் பெரிதாக்குகிறோமே என்று பயம் வரும், வரட்டும்! சுவர் சொரசொரப்பானால்தான் பிடிமானம். பிறகு சொல்யூஷன் தடவிய பஞ்சர் திரியை ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, அரை அங்குலம் வெளியே நிற்கும்போது ஊசியைச் சட்டென்று நேராக உருவுங்கள். ஊசி வரும், திரி நிற்கும்! நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, மறுபடி சோப்புத் தண்ணீர். நுரை வராவிட்டால் வெற்றி.

ஆனால் ஓர் எல்லை உண்டு, இதில் விளையாடவே கூடாது. டயர் தரையைத் தொடும் பட்டையில், 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டைக்கு மட்டுமே இந்த வைத்தியம். பக்கச் சுவரில் கீறலோ ஓட்டையோ விழுந்தால் டயரையே மாற்றுங்கள். வண்டி ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வது அந்தச் சுவர்தான். திரி அங்கே நிலைக்காது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும், யோசியுங்கள்! பட்டையில் போட்ட திரியும் அவசரத்துக்குத்தான். கடையில் டயரைக் கழற்றி உட்புறம் சோதித்து, உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு போடுவதே முழுமையான ரிப்பேர்.

டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது தெரியுமா? புதுக் கார் வாங்கியவர்களே, இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதிலும் காற்றைச் சோதியுங்கள். இல்லையென்றால் கிட்டைப் பிரித்து, அதோடு வந்த தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.