பந்தய லாரியின் சிறு வடிவம்

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். தொழிற்சாலையிலிருந்து வருவது சட்டமும் எஞ்சினும் சக்கரங்களும்தாம். அவற்றின்மேல் ‘பாடி’ கட்டுவது பட்டறையின் வேலை. எந்தச் சரக்கு, எந்தப் பாதை, எவ்வளவு பாரம் என்று கேட்டறிந்த பிறகே வேலை தொடங்கும். வெவ்வேறு இடங்களில் பிறந்த பகுதிகள் இவ்வாறு ஒரே வண்டியாகிச் சாலையில் ஓடுகின்றன.

இந்த வேலையையே மிகச் சிறிய அளவில், வீட்டு மேஜையின்மேல் செய்து பார்க்கும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இங்கே சிந்திப்போம். கடைகளில் ‘கிட்’ என்ற பெயரில் மாதிரி வண்டித் தொகுப்புகள் விற்கின்றன. விளக்கத் தாளில் கண்டபடி துண்டுகளை ஒட்டினால், பெட்டியின்மேல் படமாக இருக்கும் வண்டி கிடைக்கும். இதில் கைக்கு வேலை உண்டு. கருத்துக்கு வேலை குறைவு. இரண்டு மூன்று தொகுப்புகளைக் கலந்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு பந்தய லாரியை உருவாக்க முற்பட்டால் நிலைமை மாறிவிடுகிறது. விளக்கத் தாள் நமக்கு உதவாது. ஒவ்வொரு துண்டும் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நாமே விடை சொல்லியாக வேண்டும்.

தொகுப்புகளைக் கலக்கும் வழக்கம் புதிதன்று. அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958-ஆம் ஆண்டிலேயே, ஒரே பெட்டியிலிருந்து மூன்று வகையாகக் கட்டக்கூடிய கார்த் தொகுப்புகளை வெளியிட்டது. கட்டி முடித்த பின் மிஞ்சிய துண்டுகள் அடுத்த வண்டிக்குப் போயின. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் விண்கலங்களிலும் கடைத் தொகுப்புகளின் துண்டுகள் பல ஒட்டப்பட்டிருந்தன.

லாரிக்கும் பந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். 1979-இல் அமெரிக்காவின் அட்லாண்டா ஓடுபாதையில் லாரிப் பந்தயம் நடந்தது. 1980-களில் ஐரோப்பாவில் அது சாம்பியன் போட்டியாக வளர்ந்தது. நம் நாட்டில் 2014-இல், தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவின் புத்தா ஓடுபாதையில், டாட்டா நிறுவனத்தின் பிரைமா லாரிகள் பந்தயம் ஓடின. முதலில் வெளிநாட்டு ஓட்டுநர்கள் ஓட்டினார்கள். 2016-இல் இந்திய ஓட்டுநர்களும் களத்தில் இறங்கினார்கள். பிரைமா லாரிகள் உருவாகும் ஊர் ஜாம்ஷெட்பூர். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வண்டி அயலானதன்று.

ஐரோப்பியப் பந்தய லாரியைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். சரக்குப் பெட்டியை இழுக்கும் முன்வண்டி மட்டுமே அதில் உண்டு. அதன் எடையே ஐந்து டன்னுக்கு மேல். இவ்வளவு கனத்த வண்டி கட்டுக்கடங்காத வேகத்தில் போவது ஆபத்து என்பதால், மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். ஆகவே போட்டி உச்ச வேகத்தில் இல்லை. விரைவாக வேகம் எடுப்பதிலும், வளைவுக்கு முன் விரைவாக வேகம் தணிப்பதிலும் இருக்கிறது. ஐந்து டன்னை மீண்டும் மீண்டும் நிறுத்தினால் பிரேக்குத் தட்டுகள் பழுக்கக் காய்ந்துவிடும். அதனால் அவற்றின்மேல் நீர் தெளிக்கிறார்கள். வளைவுகளில் சக்கரங்களைச் சுற்றி எழும் வெண்புகை அந்த நீராவிதான். அந்த நீருக்காக வண்டியில் ஒரு தொட்டி வேண்டும். எடை முன்னும் பின்னும் சமமாக அமைய எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காதிருக்க, அறைக்குள் எஃகுக் குழாய்க் கூடு கட்டுகிறார்கள்.

இந்தக் காரணங்களை அறிந்துகொண்டால், எந்தத் தொகுப்பிலிருந்து எதை எடுப்பது என்பது தானாகவே விளங்கும். ஓட்டுநர் அறையையும் சட்டத்தையும் ஐரோப்பிய லாரித் தொகுப்பிலிருந்து எடுக்கலாம். எஞ்சினை அமெரிக்க லாரித் தொகுப்பிலிருந்து எடுக்கலாம். பந்தய இருக்கையையும் பட்டிகளையும் பந்தயக் கார்த் தொகுப்பு தரும். நீர்த்தொட்டியைப் பிளாஸ்டிக் தகட்டில் நாமே செய்யலாம்.

இங்கே அளவுக் கணக்கு குறுக்கிடுகிறது. இத்தாலியின் இட்டலேரி நிறுவனத்தின் லாரிகள் பெரும்பாலும் 24-இல் ஒரு பங்கு அளவில் வருகின்றன. அமெரிக்க லாரித் தொகுப்புகளோ பெரும்பாலும் 25-இல் ஒரு பங்கு. வேறுபாடு நான்கு சதவிகிதந்தான். ஆயினும் இரண்டரை மீட்டர் அகலமுள்ள ஓட்டுநர் அறை முதல் அளவில் 104 மில்லிமீட்டர், இரண்டாம் அளவில் 100 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர் முறையே ஏறத்தாழ 42 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 42, மறுபக்கம் 40 என்று மாட்டினால் பார்த்தவுடனேயே கண் உறுத்தும். எஞ்சினும் இருக்கையும் அப்படியல்ல. நான்கு சதவிகிதம் சிறுத்திருந்தாலும் எவருக்கும் தெரியாது. ஆகவே ஜோடியாக வருபவற்றையும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்த வேண்டியவற்றையும் ஒரே அளவிலிருந்து எடுக்க வேண்டும். தனித்து நிற்பவற்றைக் கலக்கலாம். 32-இல் ஒரு பங்கு அளவை இவற்றோடு சேர்க்கவே கூடாது. அதன் எஞ்சின் முக்கால் பங்குதான் இருக்கும்.

குழாய்க் கூட்டுக்கும் இதே கணக்குத்தான். கார்த் தொகுப்பில் வரும் கூடு லாரி அறைக்குக் குறுகலாக இருக்கும். மெய்யான குழாய் 50 மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால், நமக்குத் தேவை இரண்டு மில்லிமீட்டர் கம்பி. பிளாஸ்டிக் கம்பியை வெந்நீரில் காட்டி மெல்ல வளைத்தால் கூடு உருவாகிவிடும்.

அடுத்தது வெட்டு. இந்தத் தொகுப்புகளுள் பல வெளிநாட்டிலிருந்து வருபவை, விலை அதிகம், சில மீண்டும் கிடைப்பதே அரிது. வெட்டிய துண்டைப் பழையபடி ஆக்க இயலாது. எனவே பசையைத் தொடுமுன் எல்லாவற்றையும் ஒட்டுநாடாவால் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3.6 மீட்டர் வேண்டுமானால், மாதிரியில் 150 மில்லிமீட்டர். கட்டம் போட்ட தாளில் அதைக் குறித்து, அதன்மேல் சட்டத்தை வைத்து அளக்க வேண்டும். சட்டத்தின் இரு பக்கத் தண்டுகளையும் ஒரே இடத்தில் வெட்டினால் அந்த இடம் வலுவிழந்து முறியும். ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னுமாக வெட்டி, உட்புறத்தில் ஒரு பட்டையை அணைத்து ஒட்டுவது நல்லது. பின்னர்ச் சட்டத்தைக் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாத வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் பயனில்லை.

ஒட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்துண்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இதற்கென உள்ள பசை நடுவில் நின்று பிடிப்பதில்லை. இரு பக்கத்தையும் சிறிது கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிறது. ஆதலால் வண்ணம் பூசிய பரப்பிலும் உலோகத்திலும் ரெசினிலும் அது பிடிக்காது. அங்கெல்லாம் சயனோஅக்ரிலேட் அல்லது எபாக்ஸிப் பசை வேண்டும். பழைய தொகுப்புகளின் மென்மையான வினைல் டயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அவற்றை மிருதுவாக்கச் சேர்த்திருக்கும் பொருள் நாளடைவில் கசிந்து, சக்கரத்தின் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். சக்கரத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளைப் பொதிந்து மாட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

வண்ணம் பூசுவதற்கு நாம் வாழும் ஊரின் பருவநிலை ஒத்துழைக்க வேண்டும். மழைக்கால மும்பையிலும் கொல்கத்தாவிலும் காற்றின் ஈரம் மிகுதி. லாக்கர் வண்ணம் காயும்போது பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். கோடைக்காலத் தில்லியில் புழுதி வந்து ஒட்டும். ஈரமும் புழுதியும் அடங்கிய நாளைத் தேர்ந்து, பூசியபின் ஒரு பெட்டியால் மூடி வைப்பது உத்தமம். எனாமல் பூச்சின்மேல் லாக்கரைப் பூசினால் அடிப்பூச்சு சுருங்கி வெடிக்கும். இந்த வரிசையை மறக்கலாகாது. சிறிய குடியிருப்புகளில் பசையின் ஆவியும் வண்ணத்தின் ஆவியும் தங்கிவிடும். சன்னலைத் திறந்து வைப்பதும், குழந்தைகள் கத்தியைப் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பதும் அவசியம்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேலையால் இன்னொரு நன்மையும் உண்டு. பெட்டியிலுள்ள தாள் ஆங்கிலம் பேசும். அக்கம்பக்கம் வேறொரு மொழி பேசும். ஆனால் மேஜையைச் சுற்றி அமர்ந்து வேலை செய்கையில் அரம், அச்சு, ஆணி, மட்டம், மூலைமட்டம் என்ற சொற்களை நாம் சொல்லாமல் இருக்க முடியாது. பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் மறந்துபோகும் சொல், கையில் பொருளோடு வந்தால் நிலைத்துவிடும்.

வண்டி முடிந்த பிறகு ஒரு சிறு அட்டையில், எந்தப் பகுதி எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது, எது நம் கையால் செய்தது என்று எழுதி அருகே வைப்போம். பார்க்க வருபவர் நீர்த்தொட்டியைச் சுட்டி, “இது எதற்கு?” என்று கேட்பார். வீட்டுச் சிறுவனோ சிறுமியோ பிரேக்கின் சூட்டையும் நீராவியையும் பற்றிச் சொல்லத் தொடங்கினால், வாங்கிய தொகுப்புகளின் விலை வீணாகவில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கலாம்.