பாகூர் நெல்லும் மாறும் மழையும்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது. வில்லியனூர்ப் பக்கத்துக்கு ஊசுட்டேரி. வடகிழக்குப் பருவமழை சீராகப் பெய்யும் என்ற கணக்கில்தான் இந்த அமைப்பு முழுவதும் நிற்கிறது.

அந்தக் கணக்கு 2024இல் பிசகியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்க, புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை வெள்ளம் பாகூர் வட்டார வயல்களில் புகுந்தது. அப்போது சம்பா இளம்பயிர். நுனி வரை மூழ்கிய நெல் மூச்சுக்கு வழியின்றிச் சேமித்த மாவுச்சத்தைத் தின்று தீர்க்கும். ஒரு வாரம் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் அழுகிவிடும். சி.ஆர்.1009 சப்-1 போன்றவை இரண்டு வாரம்வரை தாங்கும்.

மழை பொய்த்தாலும் சிக்கல்தான். ஏரி வற்றினால் ஆழ்துளைக் கிணறுகளே கதி. அளவுக்கு மீறி இறைத்தால் கடலோரப் பகுதியில் உப்பு நீர் ஏறும். பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். பதரோ அறுவடைக் களத்தில்தான் தெரியவரும்.

விளைச்சல் குறைந்தாலும் புதுச்சேரியில் அரிசி கிடைக்காமல் போவதில்லை, வெளியிலிருந்து வந்துவிடும். அடி விழுவது குத்தகை விவசாயியின் கடனிலும், நடவாளின் கூலியிலும், மாட்டுக்கான வைக்கோலிலும்.