அண்ணா பல்கலைக்கழகம் – ஓர் அறிமுகம்



பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாம் அனைவரும் ஒரு கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது? அவ்விடையைப் பொறுத்துச் சில கதவுகள் திறக்கும், சில மூடிக்கொள்ளும். அக்கதவுகளுள் ஒன்றான அண்ணா பல்கலைக்கழகத்தைப் பற்றி எடுத்துரைப்பதே எங்கள் நோக்கம்.

இப்பல்கலைக்கழகத்தின் வேர் மிகப் பழையது. 1794ஆம் ஆண்டு சென்னையில் எட்டு மாணவர்களுடன் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. அக்கல்லூரியும், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும், கட்டடக்கலைப் பள்ளியும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் இணைந்து 1978இல் பல்கலைக்கழகமாக மலர்ந்தன.

எம்.ஐ.டி.யை 1949இல் நிறுவியவர் சி. ராஜம் என்னும் வள்ளல். அதற்காகத் தம் மாளிகையையே விற்றார். அங்கே பயின்ற அப்துல் கலாம் அவர்களின் கட்டணத்துக்காக, அவர் தமக்கை தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஒரு பெண்ணின் தியாகம் நாட்டுக்கு ஒரு விஞ்ஞானியைத் தந்தது!

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? நம் ஊரைச் சுற்றி ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார்கள் உருவாகின்றன. அங்கே உழைப்பது பெருமையே. ஆனால், இந்த இயந்திரம் ஏன் இப்படி அமைந்தது, இதைவிட நன்றாக அமைக்க இயலாதா என்று கேட்டு, விடை தேடிச் சோதித்துப் பார்ப்பதே ஆராய்ச்சி. நூலில் உள்ளதைக் கற்பதோடு நில்லாமல், நூலில் இல்லாததையும் அங்கே தேடுகிறார்கள்.

இதற்குச் சான்று 'அனுசாட்' செயற்கைக்கோள். சுமார் 40 கிலோ எடையுள்ள அதனை, இஸ்ரோவின் துணையுடன் இப்பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர். 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது விண்ணில் ஏவப்பட்டது. ஓரிடத்தின் மேல் செல்லும்போது செய்தியைப் பெற்றுச் சேமித்து, வேறோர் இடத்தின் மேல் வரும்போது அதை அனுப்புவது அதன் பணி. வானில் பறக்கும் அஞ்சற்காரர் என்றே சொல்லலாம்!

பெண்களுக்கு இங்கே இடமுண்டா என ஐயுற வேண்டாம். 1940களிலேயே லலிதா, லீலாம்மா ஜார்ஜ், திரேசியா ஆகிய மூவர் கிண்டியில் பொறியியல் பயின்றனர். சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதித் தந்தார்களாம். இளம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற லலிதா மின்பொறியாளரானார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். அவர்கள் அடித்துத் திருத்தியது ஒரு சொல்லை மட்டுமா?

இது அரசின் பல்கலைக்கழகம். மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. ஆகவே, செல்வருக்கு மட்டும் உரியதன்று. பொறியியல் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு 2007 முதல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பெறும் மதிப்பெண்ணே அளவுகோல். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை அமைக்கிறார்கள். கலந்தாய்வில் அவ்வரிசைப்படி இடம் தேர்ந்துகொள்ளலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் மாணவியருக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

போய்ப் பார்ப்பதும் எளிது. குன்றத்தூரிலிருந்து பேருந்தில் பல்லாவரம் சென்று மின்சார ரயில் ஏறினால், ஒரு திசையில் குரோம்பேட்டை, மறுதிசையில் கிண்டி. கிண்டி வளாகத்தின் பழைய செங்கல் கட்டடத்தை ஒருமுறையேனும் காண வேண்டும்.

தோழியரே! எல்லாரும் பொறியாளராக வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. செவிலியராகவும் ஆசிரியையாகவும் தொண்டு செய்ய விரும்புவோரும் நம்மிடையே உண்டு. ஆனால், கணக்கு கடினம் என்ற அச்சத்தாலோ, பெண்ணுக்கு எதற்கு என்ற பேச்சாலோ இக்கதவை நாமே மூடிவிடக் கூடாது. பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் பெற்றோரோடும் ஆசிரியைகளோடும் அமர்ந்து பேசுவோம். முயற்சி நம்முடையது, அருள் இறைவனுடையது.