உலாவியும் அஞ்சற் கோப்பும் இடம் மாறும் முறை

கணினியில் உலாவியையும் மின்னஞ்சல் நிரலையும் உபயோகிப்போரில் பலர், நிரலும் அதனுள் காணப்படும் கடிதங்களும் ஒரே பொருள் என்று கருதுகின்றனர். உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள்; வன்தட்டில் இரண்டு வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பவை. இவ்வேற்றுமை மனத்தில் பதியாத காரணத்தால், ஒரு டிரைவிலிருந்து மற்றொரு டிரைவுக்கு இவற்றை மாற்ற முற்படும்போது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடிதங்கள் மறைந்துவிட்டன என்ற அச்சம் உண்டாகிறது. அந்த அச்சத்தில் அவசரமாகச் செய்யப்படும் காரியங்களே பெரும்பாலும் உண்மையான இழப்பை விளைவிக்கின்றன.

கோலார் தங்கவயலைச் சேர்ந்த பாலகாட் பகுதியினருக்கு இதனை ஓர் உவமையால் எளிதில் விளக்கலாம். சுரங்கத்தின் வாயிலில் நிறுவப்பெறும் தூக்கும் யந்திரம் வேறு. பூமியினுள் ஓடும் பொன் தாங்கிய பாறை வேறு. 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்து, யந்திரங்கள் படிப்படியாக மாறியபோதும் பாறை தன் இடத்திலேயே இருந்தது. நிரலைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவதும் அத்தகையதே. கடிதங்கள் இருக்குமிடத்தை அது தொடுவதில்லை. ஆகவே காணாமற் போனதாகத் தோன்றும் கடிதங்களை அது மீட்டுக் கொடுப்பதும் இல்லை.

2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அதன் பின்னர் இவ்வூர் மக்களில் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று பணி புரிகின்றனர். இத்தகைய குடும்பம் ஒன்றில் வீட்டிலுள்ள ஒரே கணினியில் தந்தையின் நிலுவைத் தொகை பற்றிய மடல்கள், மகளின் கல்லூரிச் சேர்க்கை பற்றிய கடிதங்கள், மகனின் அலுவலகக் கடிதங்கள் ஆகியவை யாவும் சேர்ந்திருக்கக் கூடும். அவை 'பாப்' என்னும் பழைய முறைப்படி இறக்கப்பட்டவையாயின், நிலைமை கவனத்திற்குரியது. அம்முறையில், கடிதத்தைச் சேவையகத்தில் விட்டுவைக்கும்படி அமைத்திராவிடில், இறக்கிய பின் அங்கு பிரதி இராது. வீட்டு வன்தட்டில் உள்ளதே ஒரே பிரதி. 'ஐமேப்' முறையில் மூலப் பிரதி சேவையகத்திலேயே தங்குவதால் அவ்வளவு கவலைக்கு இடமில்லை.

இனி, இக்கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் காண்போம். மொஸில்லா நிறுவனத்தின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்ட் அஞ்சல் நிரலும் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் முதற் பதிப்பாக வெளிவந்தன. இரண்டும் ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றன. உபயோகிப்பவருக்குரிய யாவும் 'புரொஃபைல்' எனப்படும் ஒரு கோப்புறையில் அடங்கும். விண்டோஸ் கணினியில் இக்கோப்புறை 'சி' டிரைவில், உபயோகிப்பவரின் பெயருக்குக் கீழ், ஆப்டேட்டா என்ற இடத்தினுள் உள்ளது. ஆப்டேட்டா சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். புரொஃபைலின் பெயர், பொருளற்ற எட்டு எழுத்துகளும் எண்களும் கலந்து, பின் ஒரு புள்ளியுடன் அமைவது. அந்நியர் அதன் பெயரை ஊகித்தறியாதிருக்கும் பொருட்டு இவ்வாறு செய்யப்பட்டுள்ளது.

ஃபயர்ஃபாக்ஸின் புரொஃபைலில் 'ப்ளேசஸ்' என்ற கோப்பில் பார்த்த பக்கங்களின் வரலாறும் குறித்து வைத்த முகவரிகளும் உள்ளன. கடவுச்சொற்கள் 'லாகின்ஸ்', 'கீ4' என்ற இரு கோப்புகளில் பிரிந்து கிடக்கின்றன. முன்னது பூட்டிய பெட்டி. பின்னது அதன் சாவி. ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்துச் சென்றால் பயனில்லை. தண்டர்பேர்டில் 'மெயில்' என்ற உறையினுள் 'இன்பாக்ஸ்' முதலிய பெயர்களில் விகுதியற்ற கோப்புகள் இருக்கும். வந்த கடிதங்கள் அனைத்தும் ஒரே நீண்ட கோப்பாக ஒன்றன்பின் ஒன்றாய் எழுதப்பட்டிருப்பது அதுவே. அதனருகில் அதே பெயருடன் 'எம்.எஸ்.எஃப்' என்ற விகுதியுள்ள சிறு கோப்பு ஒன்று காணப்படும். அது வெறும் பொருளடக்கம். அது கெட்டுவிட்டால், நிரலை மூடிவிட்டு அதனை அழித்துவிடலாம். நிரல் மீண்டும் எழுதிக்கொள்ளும். விகுதியற்ற கோப்பை அழித்தால் கடிதங்களே அழியும். இவ்விரண்டையும் மாறிக் கருதியவர்கள் உண்டு.

இடம் மாற்றவேண்டிய அவசியம் பொதுவாக 'சி' டிரைவ் நிறைந்துவிடுவதால் ஏற்படுகிறது. தண்டர்பேர்டில் ஒரு கடிதத்தை நீக்கினால், அது உடனே கோப்பிலிருந்து மறைவதில்லை. நீக்கப்பட்டது என்ற குறி மட்டும் இடப்படுகிறது. பின்னர் 'காம்பேக்ட்' செய்யும்போதுதான் இடம் விடுபடும். அச்செயலுக்குப் புதிய பிரதி ஒன்றை எழுதவேண்டியிருப்பதால் காலி இடமும் தேவை. டிரைவ் முற்றும் நிறைந்தபின் இடத்தை மீட்கவும் இடமின்றிப் போகிறது! ஆகவே நிறையும் முன்னரே மாற்றுவது நன்று.

மாற்றும் முறை கடினமன்று; ஆயினும் வரிசை பிறழலாகாது. முதலில் நிரலை முற்றிலும் மூடவேண்டும். திறந்திருக்கும்போது தரவுக் கோப்புகள் பாதி எழுதப்பட்ட நிலையில் இருக்கும். அப்போது எடுக்கும் பிரதி பழுதுள்ளதாகலாம். அடுத்து, புரொஃபைல் கோப்புறையை 'டி' டிரைவில் அதற்கென்றே அமைத்த தனி உறையில் பிரதி எடுக்கவேண்டும். வெட்டி ஒட்டுதல் கூடாது. நடுவில் மின்சாரம் நின்றால் பாதி இங்கும் பாதி அங்குமாகும். பின்னர் விண்டோஸ் விசையையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் நிரலின் பெயரையும், ஓர் இடைவெளி விட்டுச் சிறு கோடும் பெரிய 'பி' எழுத்தும் எழுதினால் 'புரொஃபைல் மேனேஜர்' என்ற சிறு சாளரம் திறக்கும். அங்கு புதிய புரொஃபைல் ஒன்றை உண்டாக்கும்போது 'சூஸ் ஃபோல்டர்' என்ற பொத்தானால் 'டி' டிரைவில் உள்ள பிரதியைச் சுட்டிக்காட்டவேண்டும். புதிய புரொஃபைல் என்ற பெயரிருப்பினும், உள்ளே இருப்பது பழைய சரக்கே.

இச்சாளரம் செய்யும் வேலை யாதெனில், 'புரொஃபைல்ஸ்.ஐ.என்.ஐ' என்ற சிறு குறிப்பேட்டில் விலாசத்தைப் பதிவதேயாகும். வீடு மாறியவர் அஞ்சலகத்தில் புது விலாசம் எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. இக்குறிப்பேட்டைக் கையால் திருத்துவோரும் உண்டு. 2019-ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸின் 67-ஆம் பதிப்பு முதல், நிறுவப்பட்ட ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் புரொஃபைல் என்ற ஏற்பாடு வந்தமையால், விலாசம் அதில் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிடின் நிரல் வெறுமையான புதிய புரொஃபைலைத் திறந்து நிற்கும். சாளரத்தின் வழி செய்தலே உசிதம்.

மாற்றிய பின் கடிதங்கள் தெரிகின்றன என்பதால் பணி முடிந்துவிட்டதாகாது. நிரல் இன்னும் பழைய இடத்திலிருந்தே படித்துக்கொண்டிருக்கலாம். குறிப்பாக, கடித உறை புரொஃபைலுக்கு வெளியே முழு விலாசத்துடன் அமைக்கப்பட்டிருந்தால் அவ்வாறு நேரும். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பழைய கோப்புறையை அழிக்காமல் அதன் பெயரை மட்டும் மாற்றி, நிரலைத் திறந்து பார்க்கவேண்டும். அப்போதும் பழைய கடிதங்கள் திறந்து, புதிய கடிதம் வந்து சேர்ந்து, அனுப்பிய கடிதமும் உரிய உறையில் பதிவாகுமாயின் மாற்றம் மெய்யானது.

கோளாறுகள் நேரின் அவற்றின் காரணம் பெரும்பாலும் சிறியதே. 'புரொஃபைலைத் திறக்க இயலவில்லை. அது இல்லை அல்லது அணுக முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கில அறிவிப்பு வந்தால், விலாசம் பொருந்தவில்லை என்று கொள்க. வெளிப்புற வன்தட்டில் வைத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நேற்று 'ஈ' என்றிருந்த டிரைவ் இன்று வேறு சாதனத்துடன் இணைந்து 'எஃப்' ஆகிவிடுகிறது. டிரைவின் எழுத்தை முன்போல் அமைத்தால் போதும். 'நிரல் ஏற்கெனவே இயங்குகிறது' என்ற அறிவிப்பு வந்தால், மூடப்படாத நிரல் பின்னணியில் நிற்கிறது. கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குதல் எளிய பரிகாரம். பென் டிரைவில் பிரதி எடுக்கையில் ஒரு கோப்பு மட்டும் ஏறாமல் நின்றால், அக்கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டியிருக்கும். பல பென் டிரைவ்கள் 'ஃபேட்32' என்ற அமைப்பில் வருகின்றன. அது அதற்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்பதில்லை. புதிய பதிப்பில் திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுப்பதும் பழுதன்று; பாதுகாப்புக்கெனச் செய்த ஏற்பாடு. நிரலைப் புதுப்பித்தால் தீரும்.

கூகிள் குரோம் உலாவியில் நிலை சற்று மாறுபடும். அதன் கடவுச்சொற்கள் விண்டோஸ் கணக்குடன் பிணைத்துப் பூட்டப்படுவதால், கோப்புறையை வேறு கணினிக்குத் தூக்கிச் சென்றால் குறித்த முகவரிகள் வரும், கடவுச்சொற்கள் வாரா. மொஸில்லா நிரல்களிலோ இதற்கு நேர்மாறு. 'பிரைமரி பாஸ்வேர்ட்' எனப்படும் தலைமைக் கடவுச்சொல் அமைக்கப்படாதிருப்பின், புரொஃபைலைப் பெற்றவர் எவரும் அதைத் தம் கணினியில் திறந்து கடவுச்சொற்களைப் படித்துவிட முடியும். ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளர்கள் பிரதியைப் பென் டிரைவில் வைத்துக்கொள்வதாயின் தலைமைக் கடவுச்சொல்லை முதலில் அமைத்தல் வேண்டும்.

ஓரிரு வாரங்கள் குறையின்றி இயங்கிய பின் பழைய கோப்புறையை அழிக்கலாம். அதனைப் புரொஃபைல் மேனேஜரின் வழியாக நீக்குவோர், அது கேட்கும் வினாவை ஊன்றிப் படிக்கவேண்டும். 'டோன்ட் டெலீட் ஃபைல்ஸ்' என்பது பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுக்கும். 'டெலீட் ஃபைல்ஸ்' என்பது அக்கோப்புறையில் உள்ள அனைத்தையும் அழிக்கும். புரொஃபைலைத் தனி உறையில் வைக்காமல் குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் உறையையே சுட்டிக்காட்டியிருந்தால், புகைப்படங்களும் உடன் போகும். பழைய கணினியைப் பள்ளிக்கோ பிறருக்கோ கொடுப்பதாயின், ஆப்டேட்டாவினுள் மறைந்திருக்கும் புரொஃபைல் கண்ணில் படாமலே அதனுடன் சென்றுவிடும். நிரலை நீக்கியதால் புரொஃபைல் நீங்குவதில்லை. அதனைத் தனியே தேடி அழிக்கவேண்டும்.